மீஷா என்று கூப்பிட, மிகயீல் என்று எழுத

வாசகர் கேள்வி–பதில். இந்த இதழில்: ஆண் குழந்தைக்கு ரஷ்யப் பெயர்

கேள்வி: மகன் வோல்காகிராதில் மருத்துவம் படித்தான். மருமகள் அந்த ஊர்ப் பெண். பேரன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது, பதினாறாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைக்க வேண்டும். அவள் வீட்டுப் பெருமையும் பெயரில் தெரியட்டும் என்று ரஷ்யப் பெயருக்கு நாங்கள் சம்மதித்துவிட்டோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ரஷ்யப் பெயர் ஸ்டாலின், கோர்க்கி, டால்ஸ்டாய்தான். சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். வேறு என்ன வைப்பது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அவர் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு வைக்கும் பெயர் இல்லை. டால்ஸ்டாய் என்பது குடும்பப் பெயர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் லேவ். ஸ்டாலின் புனைபெயர், எஃகு என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர் பெயர் இயோசிப். கோர்க்கியும் புனைபெயர்தான், அதன் பொருள் கசப்பு. அவர் பெயர் அலெக்சேய். விண்வெளிக்குப் போன ககாரினை அவர் அம்மா யூரி என்றுதான் கூப்பிட்டார். நாமக்கல் கவிஞர் மேல் உள்ள மரியாதையில் ஒருவர் தன் பிள்ளைக்கு ‘நாமக்கல்’ என்று பெயர் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? உங்கள் மருமகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் ஸ்டாலின், லெனின் என்று பெயர் வைப்பது தனி மரபு, அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அது கட்சிப் பற்றைச் சொல்லும் பெயர். தாய்வழிக் குடும்பத்தைக் கௌரவிக்க வேண்டுமானால் முதற்பெயரைத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்று கைகொடுக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் தம்பி, கண்ணு, ராசா என்று கூப்பிடுவோம். ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ரஷ்யாவில் பெரும்பாலான பெயர்களுக்கு இந்த வீட்டுப் பெயர் தயாராகவே இருக்கிறது. மிகயீல் வீட்டில் மீஷா. அலெக்சேய் அல்யோஷா, இவான் வான்யா, நிக்கலாய் கோல்யா, அலெக்சாந்தர் சாஷா, செர்கேய் செர்யோஷா, கன்ஸ்தந்தீன் கோஸ்த்யா, விளதீமிர் வலோத்யா அல்லது வோவா. ஆகவே நீங்கள் ஒரு பெயரை அல்ல, ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். முழுப்பெயரின் கம்பீரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டு, நாளைக்கு நூறு தடவை கூப்பிடப் போகும் வீட்டுப் பெயரை யோசிக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு.

சில வீட்டுப் பெயர்கள் தமிழ்க் காதில் கெட்டுப் போகும். பியோத்தர் நல்ல பெயர். ஆனால் வீட்டில் பேத்யா. பள்ளிக்கூடத்தில் அது ‘பேதி’ ஆக ஒரு நாள்கூட ஆகாது. அந்தோனைத் தோஷா என்று கூப்பிடுவார்கள். அப்பாயி காதில் அது தோஷம் என்று விழும், அதற்குப் பதில் அந்தோஷா என்ற இன்னொரு வடிவம் இருக்கிறது. மகார் என்ற பெயரை நம் ஊரில் யார் வாசித்தாலும் ‘மக்கர்’தான். திமீத்ரிக்குத் தீமா, மீத்யா என்று இரண்டு உண்டு. மித்யா என்றால் வடமொழியில் பொய் என்று பொருள் வருவதால் தீமாவையே பழக்குங்கள். வீட்டுப் பெயர்கள் அநேகமாக ‘ஆ’வில் முடிவதால் நமக்குப் பெண் பெயர் போலத் தோன்றும். ஏட்டில் முழுப்பெயர் இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. மீஷா, சாஷா என்பதையே பிறப்புச் சான்றில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது ஒலி. ரஷ்ய மொழியில் நம் ‘ட’ கிடையாது. நாக்கு பல்லைத் தொடும் ‘த’தான். ‘விளாடிமிர்’, ‘டிமிட்ரி’ என்று நாம் எழுதுவது ஆங்கில வழியாக வந்தது. விளதீமிர், திமீத்ரி என்றால் தாய்க்குக் காது குளிரும். அழுத்தம் விழாத ‘ஒ’ அங்கே ‘அ’ போல ஒலிக்கும். மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களில் ‘தல்ஸ்தோய்’ என்று அச்சிட்டிருந்தது பிழை அல்ல, இந்தக் காரணத்தால்தான். ரோமன் என்று எழுதுகிறோமே, அது அங்கே ரமான்; போரிஸ் என்பது பரீஸ். அழுத்தம் விழும் இடத்தில் நெடில் போட்டு எழுதினாலே தமிழில் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்: இவான், மக்சீம், கிரீல், ருஸ்லான், பாவெல். மிகயீலின் நடுவில் வரும் தொண்டை ஒலிக்கு நாம் தனி எழுத்துத் தேட வேண்டாம். ‘அகம்’ என்று சொல்லும்போது நம் ‘க’ எப்படி மென்மையாக வருகிறதோ, ஏறக்குறைய அதே ஒலிதான்.

சொல் தொடக்கத்திலேயே மெய்யெழுத்துகள் மோதும் பெயர்களைத் தவிர்க்கலாம். ஸ்வ்யதஸ்லாவ், ம்ஸ்திஸ்லாவ், க்லெப் எல்லாம் நம் வாயில் ‘இ’ சேர்ந்தோ உடைந்தோதான் வெளியே வரும். நாங்கள் சொல்லும் சோதனை இது: சம்பந்தியம்மாவும் நீங்களும் ஆளுக்கு ஐந்து தடவை, வாசலில் நின்று தெருமுனையில் விளையாடும் பையனைக் கூப்பிடுவது போலச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது தடவையும் இருவர் வாயிலும் ஒரே பெயராக வந்தால் அது நிற்கும். எங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டால் மிகயீல் என்போம். வீட்டில் மீஷா, ரஷ்யாவில் கரடிக்கும் செல்லப் பெயர் அதுதான், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமாக வந்த கரடிக்குட்டியும் மீஷாதான். தொட்டில் அன்று காதில் மூன்று முறை முழுப்பெயரைச் சொல்லுங்கள். மீஷாவை அன்று மாலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வி: பையன் கேட்டை நட்சத்திரம். நோ, ய, யி, யு எழுத்தில் பெயர் வேண்டும் என்கிறார் ஜோசியர். தமிழ்ப் பெயரே சிக்கவில்லை, ரஷ்யப் பெயரில் சிக்குமா? மனைவியின் அம்மா ரஷ்யர்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: நமக்குச் சிரமமான எழுத்துகள் அவர்களுக்குச் சர்வசாதாரணம். கேட்டைக்கு யூரி, யாக்கவ், யரஸ்லாவ் மூன்றும் பொருந்தும். இவற்றில் யூரிக்கு ஈடு இல்லை: இரண்டே எழுத்து, தமிழில் எழுதியபடியே உச்சரிப்பு, வீட்டில் யூரா. அடுத்த நட்சத்திரமான மூலத்துக்கு யே, யோ, ப, பி. அதற்கு யெகோர், யெவ்கேனி, பாவெல் இருக்கின்றன. யெவ்கேனியின் வீட்டுப் பெயரை ஆங்கிலத்தில் இசட், ஹெச் போட்டுத் தொடங்குவார்கள். அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் ‘ழென்யா’ என்று வாசிப்பார்கள். அது ழகரம் இல்லை, அதிரும் ஷகரம்.

கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றாலும், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று சொல்கிறோம். கார்த்திகைக்கு இவான், ஈகர், இல்யா, அந்திரேய், அலெக்சேய். ரோகிணிக்கு விக்தர், வதீம், வசீலி. மகத்துக்கு மிகயீல், மக்சீம், மத்வேய், மார்க். பரணிக்கு லேவ், லுக்கா, லியனீத். சுவாதிக்கு ருஸ்லான். விசாகத்துக்கு திமூர், திமஃபேய், திமீத்ரி. அனுஷத்துக்கு நிக்கலாய். தவிக்க வைப்பது ஆயில்யம்தான். டி, டு, டே, டோ கேட்கும், ரஷ்ய மொழியிலோ ‘ட’வே இல்லை. டெனிஸ் என்று எழுதிக்கொண்டு, தாய் வாயில் அது ‘தினீஸ்’ என்று வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அலேக் என்ற பெயரையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஓ’ எழுத்தில் தொடங்குவதால் ரோகிணியின் ‘ஓ’வுக்குப் பொருந்துவது போலத் தெரியும், உச்சரிப்பிலோ அது ‘அ’. எழுத்தைப் பார்ப்பதா ஒலியைப் பார்ப்பதா என்று ஜோசியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இவனோவா. பையனுக்கு அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்த்து ‘இல்யா இவனோவா’ என்று பதியப் போகிறேன். தந்தை பெயரில் ‘ஒவிச்’ சேர்ப்பார்களாமே, அதையும் எழுத வேண்டுமா? என் பெயர் செந்தில்.
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: பதியுமுன் கேட்டீர்கள், நல்லது. இவனோவா பெண்பால். அதே குடும்பத்தில் ஆணுக்கு இவனோவ். மகன் பெயரோடு இவனோவா என்று அச்சானால், ரஷ்யாவில் அதைப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பிழை என்றே நினைப்பார்கள். அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்ப்பதானால் ஆண்பால் வடிவத்தைச் சேருங்கள். ஓவா, ஏவா, இனா, ஸ்கயா என்று முடியும் பெயர்கள் ஆணுக்கு முறையே ஓவ், ஏவ், இன், ஸ்கி ஆகும். தாய்க்கும் மகனுக்கும் பெயர் வேறுபடுகிறதே என்று இங்குள்ள அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். பிறப்புச் சான்றில் தாயின் பெயர் தனிக் கட்டத்தில் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருந்தால் போதும்.

‘ஒவிச்’ விஷயத்தில் நீங்கள் தயங்கவே வேண்டாம், அது நம் இனிஷியலின் அண்ணன்தான். நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைக்கிறோம், அவர்கள் முழுப்பெயரையும் விகுதி சேர்த்துப் பின்னால் வைக்கிறார்கள். செ. இல்யா என்றாலும் இல்யா செந்திலொவிச் என்றாலும் சொல்லும் செய்தி ஒன்றே. குமார் என்றால் குமாரொவிச், ரவி என்றால் ரவியெவிச். உங்கள் பெயரில் மட்டும் ஒரு சிக்கல். கடைசி ‘ல்’லை ரஷ்ய எழுத்தில் வன்மையாகவும் எழுதலாம், மென்குறி போட்டும் எழுதலாம். குறி போட்டால் செந்திலெவிச் ஆகிவிடும். ரஷ்ய மொழியில் முதலில் தயாரான உங்கள் ஆவணம் எதுவோ, திருமணப் பதிவோ விசாவோ, அதில் உள்ள எழுத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பிறப்புச் சான்றில் இந்தத் தந்தைவழிப் பெயரைச் சேர்க்க வேண்டியதில்லை. சேர்த்தால் இங்கே அது நடுப்பெயர் ஆகி எல்லா விண்ணப்பத்திலும் கூடவே வரும். ரஷ்யத் தரப்பு ஆவணம் எடுக்கும்போது தந்தையின் முதற்பெயரிலிருந்து அவர்களே உருவாக்கிக்கொள்வார்கள். அதனால் உங்கள் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டிருப்பார்கள். சிலருக்கு இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படி இருந்தால் பையனின் தந்தைவழிப் பெயர் உங்கள் பெயரில் இல்லாமல் அவன் தாத்தா பெயரில் வந்து நிற்கும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ரஷ்யப் பாஸ்போர்ட்டில் இப்போதுள்ள எழுத்து மாற்று முறையில் ‘யா’வுக்கு ஐ, ஏ, ‘யூ’வுக்கு ஐ, யு. ஆகவே நாம் ஐ-எல்-ஒய்-ஏ என்று எழுதும் இல்யா அங்கே ஐ-எல்-ஐ-ஏ. யூரி ஒய்யில் தொடங்காமல் ஐயில் தொடங்கி இரண்டு ஐயில் முடியும். மக்சீமுக்கு எக்ஸ் வராது, கே-எஸ் வரும். திமீத்ரியின் கடைசியிலும் இரண்டு ஐ. பிறகு இரண்டு நாட்டுத் தாளிலும் ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக நிற்கும், டிக்கெட் எடுக்கும்போதும் படிப்புச் சான்று இணைக்கும்போதும் விளக்கம் எழுத வேண்டிவரும். இவான், அந்தோன், பாவெல், லேவ், மார்க், கிரீல், ரமான் ஆகியவற்றில் இந்த வேறுபாடே எழாது. செர்கேய், அந்திரேய், மத்வேய் மூன்றையும் கடைசியில் ஒய் போடாமல் ஐ போட்டு எழுதினால் இரு பக்கமும் ஒத்துப்போகும். இல்யாதான் வேண்டும் என்றால் இங்கேயும் ஐ-எல்-ஐ-ஏ என்றே பதியலாம், தமிழில் எப்போதும்போல இல்யா. எண் கணிதம் பார்த்து ஒரு ‘ஹெச்’சோ இரண்டாவது ‘ஏ’யோ மட்டும் தயவுசெய்து கூட்டாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதைக் கண்டு வேறு பெயர் என்று நினைத்து ரஷ்ய எழுத்திலும் கூட்டிவிடுவார். சான்றை ரஷ்ய மொழிக்குப் பெயர்க்கக் கொடுக்கும்போது, மனைவி தன் கையால் ரஷ்ய எழுத்தில் எழுதிய பெயர்ச் சீட்டைக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் கடினம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்று ஒன்றே ஆதாரம் என்பதால், எழுத்துக்கூட்டலை உறுதி செய்யாமல் பெயரைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ரஷ்யக் குடியுரிமை எடுப்பதா என்பது வேறு கேள்வி. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, எனவே சென்னையிலுள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு அதில் இறங்குங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள், தோட்ட வேலைக்கு வந்து ஏற்காட்டிலேயே தங்கிவிட்ட குடும்பம். என் தாத்தா பெயர் சின்னப்பன். கணவரின் பாட்டி ரஷ்யர். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பெயர் கிடைக்குமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: கிடைக்கும், கையிலேயே இருக்கிறது. சின்னப்பர் என்று நம் முன்னோர் சொன்னது புனித பவுலைத்தான். ரஷ்ய மொழியில் பவுல் என்றால் பாவெல். மகனுக்குப் பாவெல் என்று வைத்தால் தாத்தா பெயரையே வைத்ததாகும். பெயரன் என்பதுதானே பேரன் ஆனது!

ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் காணும் பழைய தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்கள் பலவற்றுக்கும் இப்படி ஜோடி உண்டு. ராயப்பன் பேதுரு, ஆகவே பியோத்தர். அருளப்பன் யோவான், ஆகவே இவான். சந்தியாகு யாக்கவ். சூசை இயோசிப், பேச்சில் ஓசிப். முடியப்பன் ஸ்தேவான், ஆகவே ஸ்திபான். ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கே முடி என்றுதான் பொருள். அந்தோணி அந்தோன். மிக்கேல் மிகயீல். எலியா இல்யா. இந்தப் பெயர்களை வைக்கும் வீடுகளைப் பார்த்தால் எங்களுக்கு மனம் நிறைகிறது. இரண்டு குடும்பமும் ஏற்கெனவே ஒரே பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தன. ஞானஸ்நானச் சான்றில் பவுல் என்றும் பிறப்புச் சான்றில் பாவெல் என்றும் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையிடம் பிறப்புச் சான்றின் நகலைக் கொடுத்து அதிலுள்ள எழுத்தையே ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். பாவெலின் வீட்டுப் பெயர் பாஷா.

கேள்வி: குலதெய்வம் நாமக்கல் நரசிம்மர். பெயரில் சாமியும் இருக்க வேண்டும், மருமகளின் ரஷ்யாவும் இருக்க வேண்டும்.
– வாசகர், இராசிபுரம்

பதில்: லேவ். ரஷ்ய மொழியில் லேவ் என்றாலே சிங்கம். நாமக்கல் மலைக் குடைவரையில் இருப்பவரை நினைத்து வைக்க இதைவிட நேரான பெயர் இல்லை. ஓரசைப் பெயர் என்பதால் கூப்பிடும்போது நம்மவர்களுக்குக் குறையாகத் தோன்றும். வீட்டில் லியோவா என்றால் நீண்டு வரும். கடைசி ‘வ்’ ரஷ்ய வாயில் ‘ஃப்’ ஆகத் தேயும், அதைக் கேட்டுத் தமிழில் ‘லெஃப்’ என்று எழுதிவிட வேண்டாம். சிங்கத்தின் பெயரே இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றால் ருஸ்லான் இருக்கிறது, அது துருக்கிய மொழிகளில் சிங்கத்தைக் குறிக்கும் அர்ஸ்லான் என்ற சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: அப்பா பழைய தோழர். லெனின் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்கிறார். ரஷ்யாவில் பிறந்த என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.
– வாசகர், மேட்டூர்

பதில்: ரஷ்யர்களே லெனினுக்காக உண்டாக்கிய முதற்பெயர் ஒன்று இருக்கிறது: விளத்லேன். விளதீமிர், லெனின் இரண்டின் முன்பகுதிகளையும் ஒட்டிய சோவியத் காலப் பெயர். இன்றைய ரஷ்யக் காதுக்குத் தாத்தா காலத்துப் பெயராகத் தெரியும், எனவே மனைவியிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் விளதீமிர். அது லெனினின் சொந்தப் பெயரும்தான், ஆயிரம் ஆண்டுப் பழைய பெயரும்தான். இருவருக்கும் தோற்ற உணர்வு வராது.

கேள்வி: மருமகள் கசானிலிருந்து வந்தவள். ரஷ்யப் பெயர்ப் பட்டியலைக் காட்டினால் ‘இது எங்கள் பெயர் இல்லை’ என்கிறாள்.
– வாசகி, ஓமலூர்

பதில்: கசான் தாதர்ஸ்தான் குடியரசின் தலைநகர். அவர் தாதர் இனத்தவராக இருக்கலாம். ரஷ்யக் குடிமக்கள் எல்லாரும் ரஷ்ய இனத்தவர் அல்லர். பட்டியலை மூடி வைத்துவிட்டு, அவருடைய தாத்தாக்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திமூர், தமீர், ரினாத், மராத், ரவீல் போன்றவை அங்கே புழங்கும் பெயர்கள். ரவீலைக் கேட்டால் உங்கள் வீட்டில் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது, ரவி என்றே கூப்பிடலாம்.

கேள்வி: கொள்ளுப்பாட்டி வலெந்தீனாவின் நினைவாகப் பெயர் வைக்க நினைத்தோம். பிறந்ததோ பையன்.
– வாசகி, வாழப்பாடி

பதில்: வலெந்தீன். ரஷ்யப் பெயர்கள் பலவும் இப்படி ஆண், பெண் ஜோடியாகவே வரும்: அலெக்சாந்திரா, அலெக்சாந்தர், யெவ்கேனியா, யெவ்கேனி, விக்தோரியா, விக்தர். பாட்டியை வீட்டில் வால்யா என்று கூப்பிட்டிருப்பார்கள். வலெந்தீனுக்கும் வீட்டுப் பெயர் வால்யாதான்.

கேள்வி: நிக்கீத்தா என்று பெயர் வைத்துப் பதிந்தும் ஆயிற்று. எல்லாரும் பெண் பெயர் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: மாற்றாதீர்கள். நிக்கீத்தா ரஷ்யாவில் அப்பட்டமான ஆண் பெயர். வெற்றி பெற்றவன் என்று பொருள் தரும் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. 1955இல் இந்தியா வந்த சோவியத் தலைவர் குருஷேவின் பெயரும் நிக்கீத்தாதான், வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே பிடிபடும். தமிழில் எழுதும்போது ‘நிகிதா’ என்று எழுதாமல் நெடிலும் ஒற்றும் சேர்த்து ‘நிக்கீத்தா’ என்று எழுதுங்கள், பெண் பெயரிலிருந்து கண்ணுக்கே வேறுபடும். தொல்லை வரக்கூடிய இடம் வேறு. பெயரைப் பார்த்ததும் கணினியில் உட்கார்ந்திருப்பவர் பாலினக் கட்டத்தில் பெண் என்று தட்டிவிடுவார். ஆதார் எடுக்கும் அன்று, தடுப்பூசி அட்டை எழுதும்போது, பள்ளியில் சேர்க்கும்போது என மூன்று இடத்திலும், அச்செடுப்பதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டே நகருங்கள்.